வெள்ளத்தை வரைந்த அக்கா

"அப்புறம் என்ன ஆச்சு?" என்று அவர் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்தினால் அவரும் பேசாமல் இருப்பார். பாலில்லாத தேநீர், தே ஓ, நிறைந்த கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சாலையில் போகிற கார்களை எண்ணுகிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். ஒரு நிமிடம் போகும், இரண்டு நிமிடம் போகும். பிறகு அந்த மனிதர் தானாகவே, முன்பைவிடத் தாழ்ந்த குரலில், மிச்சத்தைச் சொல்ல ஆரம்பிப்பார். அக்காவுக்கு வேண்டியது அந்த மிச்சம்தான்.

எனக்கு ஸ்கூடாயில் படச்சட்டக் கடை. பல்கலைக்கழகம் பக்கத்தில் இருப்பதால் பட்டமளிப்புப் படங்களும் சான்றிதழ்களும்தான் முக்கால்வாசி வேலை. அங்கேதான் ஒரு நாள் காலையில், பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்ட பழைய காரில் அக்கா முதல்முறையாக வந்து இறங்கினார். டிக்கியிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்த தான் வரைந்த ஒரு பெரிய துணிப்படத்தை, குளியலறைத் திரை போட்டு மூடியிருந்தார். நானும் அவருமாகத் தூக்கிவந்து மேசையில் சாய்த்தோம். திரையை எடுத்தபோது முதலில் ஏதோ செம்மண் நிலம் என்று நினைத்தேன். கொஞ்சம் பார்த்த பிறகுதான் அது நீளமான ஒரு கொட்டகை என்பதும், தரையில் கிடப்பவை மூட்டைகள் அல்ல, மனிதர்கள் என்பதும் தெரிந்தது.

"காலரா," என்றார். "அந்தக் காலத்துத் தோட்டம். ஒரே வாரத்துல பாதி லயம் காலி."

"என்ன மாதிரி சட்டம் கா வேணும்? பூ வேலை போட்டது இருக்கு."

"பூ வேணாம் லா தங்கச்சி. கதவு நிலை மாதிரி போடு. பாக்குறவன் உள்ள போகலாமா வேணாமான்னு நிக்கணும்."

அப்படித்தான் போட்டேன். அதற்குப் பிறகு நான்கு வருடம் அவருடைய ஒவ்வொரு படத்துக்கும் நான்தான் சட்டம் போட்டேன். எல்லாமே உண்மையில் நடந்த பேரிடர்கள். எரிந்துபோன தோட்டத் தொழிலாளர் லயம், போர்க்காலத்தில் மூழ்கிய கப்பல், ஜப்பான்காரன் காலத்தில் நம் ஆட்களைக் கொண்டுபோய்க் கொன்ற சயாம் மரண ரயில். கற்பனையாக ஒன்றும் வரைய மாட்டார். ஒரு முறை கடையில் நின்ற அம்மா ஒருவர், தன் மகள் கல்யாணத்தைப் பெரிய படமாக வரைந்து தர முடியுமா என்று கேட்டார். அக்கா கும்பிட்டே விட்டார். "என் கை அதுக்குப் பழகல மா. நான் வரைஞ்சா மண்டபம் தீப்பிடிச்சுக்கும்."

இறந்துபோன கணவரின் முழுக்கைச் சட்டைகளைத்தான் போட்டுக்கொண்டு வரைவார். எல்லாச் சட்டையிலும் முழங்கைவரை சாயம். அவர் வீடு ஒரு தாமான் குடியிருப்பின் கோடியில் இருந்தது. கார் நிறுத்தும் போர்ச்சில்தான் வரைவது, காருக்கு இடம் கிடையாது, அது எப்போதும் வெயிலில் நிற்கும். ஆளி விதை எண்ணெயும் டர்பென்டைனும் கலந்த வாசம் தெருமுனைக்கே வரும். சாயங்காலம் கொரெங் பீசாங், அதாவது வாழைப்பழ பஜ்ஜி, வாங்கிக்கொண்டு போனால், தொட்டுக்கொள்ளத் தரும் காரமான சம்பல் கீச்சாப்பை விரலால் தொட்டு நக்கிவிட்டு, அதே விரலால் படத்தில் ஒரு இடத்தைக் காட்டுவார். "இங்க பாரு. தண்ணிக்கு நிறம் கிடையாது. வெள்ளத்துக்குத்தான் நிறம்."

வரைவதற்கு முன்னால் ஜோகூர் பாருவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. எரிந்த கடை, மூழ்கிய வீடு, நொறுங்கிய லாரி என்று போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அந்த வேலையைப் பற்றி ஒரு கதைதான் திரும்பத் திரும்பச் சொல்வார். ஒரு துணிக்கடை எரிந்துபோயிற்று. கடைக்காரர் மின்கசிவு என்று ஒரு மணி நேரம் விடாமல் பேசினார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முடித்த பிறகும் எழுந்து போகவில்லை. கரிந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் அந்த ஆள் முகத்தைப் பொத்திக்கொண்டு, "நான்தான் கொளுத்தினேன், அம்மா," என்றாராம்.

"மனுஷனால அடியத் தாங்க முடியும், பசியத் தாங்க முடியும். எதிர்ல ஒருத்தர் பேசாம இருந்தா, அதத் தாங்க முடியாது," என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

அவர் கேட்டுக்கொண்டிருப்பதை நான் ஒரு கொடையாகத்தான் நினைத்தேன். காரணம் இருந்தது. எங்கள் கடைவரிசைக்குக் காவலுக்கு இருந்தவர் ஒரு நேபாளி. நாங்கள் யாரும் அவரிடம் 'சாப்பிட்டாயா' என்பதைத் தாண்டி ஒன்றும் பேசியதில்லை. அக்கா இரண்டு வாரம் அவர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அரைகுறை மலாயும் சைகையும்தான் பாஷை. நிலநடுக்கத்தில் அவருடைய ஊர் முழுவதும் சரிந்ததும், அவர் இங்கே வரிசைக் கடைகளுக்குக் காவல் நின்றுகொண்டே போனில் அதைக் கேட்டதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அக்கா ஒரு சின்னப் பலகையில் அந்த ஊரை வரைந்து அவரிடம் கொடுத்தார். கற்குவியல், புழுதி, நடுவில் சாயாமல் நின்ற ஒரே ஒரு கதவு. அந்த மனிதர் கதவின் மேல் விரலை வைத்து, "ஆமா, ஆமா," என்று அவர் மொழியில் தாயைக் கூப்பிடுகிற சொல்லையே சொல்லிக்கொண்டு நின்றார். ஊர் திரும்பியபோது துணிமணிகளை இங்கேயே போட்டுவிட்டு அந்தப் பலகையைக் கொண்டுபோனார்.

அதைப் பார்த்த பிறகு அக்கா எது செய்தாலும் சரி என்று எனக்குத் தோன்றிவிட்டது.

யோங் பெங்கிலிருந்து ஒரு அங்கிள் வருவார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபது வயதிருக்கும். அவருடைய அப்பா சயாம் ரயில் போட்ட இடத்திலிருந்து உயிரோடு திரும்பியவர். அக்கா அந்தப் போர்ச்சில் அவரை உட்கார வைத்து மூன்று மாதம் கேட்டார். பிறகு படம் வரைந்து என்னிடம் சட்டத்துக்கு அனுப்பினார். மூங்கில் குடிசை, மழை. ஒருவர் தகரக் குவளையிலிருந்து சோற்றை வழித்துத் தின்கிறார். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு இன்னும் உயிர் இருக்கிறது. திறந்த கண் அந்தக் குவளையையே பார்க்கிறது.

படம் தயாரான மறுநாள் அங்கிள் மோட்டாரில் என் கடைக்கு வந்தார். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"தங்கச்சி, இதத் திருப்பி வெச்சிரு லா," என்றார்.

"ஏன் அங்கிள்?"

"எங்கப்பா திங்கிறது பக்கத்துல படுத்திருக்கிறவரோட சோறு. அவரு எங்கப்பாவோட கூட்டாளி. அவரு பேரப்பிள்ளைங்க எங்க வீட்டுக்கு நாலாவது வீடு. தீபாவளிக்கு எங்க வீட்டுலதான் மொதல்ல காலடி வெப்பாங்க. அவங்க தாத்தாவக் கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டவரு எங்கப்பான்னு..." ஹெல்மெட் வாரை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவங்க இதப் பாத்தா என்ன நெனைப்பாங்க? நீ சொன்னா அந்தம்மா கேப்பாங்க. இத மட்டும் கண்காட்சியில வெக்க வேணாம்னு சொல்லு."

நான் சொன்ன பதிலை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. "உண்மையத்தானே அங்கிள் வரைஞ்சிருக்காங்க? உண்மைக்கு எதுக்குப் பயப்படணும்?" என்றேன்.

அவர் என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் படம் கண்காட்சிக்குப் போயிற்று. எல்லோரும் புகழ்ந்தார்கள். அங்கிள் அதற்குப் பிறகு ஸ்கூடாய்ப் பக்கமே வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் என்னுடைய முறை வந்தது.

சட்டத்துக்கு அளவெடுக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. போர்ச்சின் தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் பேச முடியவில்லை. கொஞ்சம் ஓய்ந்தபோது அக்கா, "நீ கோத்தா திங்கிதானே?" என்றார்.

"ஆமா கா."

"அந்த வெள்ளத்தப்ப ஊர்ல இருந்தியா?"

"இருந்தேன்."

அவ்வளவுதான் கேட்டார். கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார். எனக்கு அவருடைய வித்தை தெரியும். துணிக்கடைக்காரர் கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இருந்தும் சொன்னேன். வித்தைக்காக வெளியாட்களிடம் உட்காருகிறார், என்னிடம் அன்பினால் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

வெள்ளம் வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. கம்பம் என்று சொல்கிற ஆற்றோரக் கிராமத்தில் வீடு. அப்பாவும் அம்மாவும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர்கள் வழி அடைபட்டு வர முடியாமல் நின்றுவிட்டார்கள். வீட்டில் நானும் அத்தையும்தான். அத்தை அப்பாவின் அக்கா, சர்க்கரை நோயால் அவருடைய கால் விரல்களை எடுத்திருந்தார்கள். அவருடைய மகள் கஸ்தூரி, என் வயதுக்காரி, கோலாலம்பூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஜன்னல்வரை வந்ததும் அத்தையை மேசைமேல் ஏற்றி, அங்கிருந்து சமையலறைக் கூரைக்கு இழுத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து மீட்புப் படகு வந்தது. நான் முதலில் இறங்கி, அத்தையின் கையைப் பிடித்தேன். படகுக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு, இரைகிற எஞ்சினோடு போராடிக்கொண்டிருந்தார். அவர் ஒரு காலைப் படகில் வைத்தபோது படகு ஆடியது. என் சான்றிதழ்கள் எல்லாம் இருந்த மஞ்சள் ஃபைல் மடியிலிருந்து வழுக்கித் தண்ணீரை நோக்கிப் போயிற்று. நான் அத்தையின் கையை விட்டுவிட்டு அதைப் பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன்.

அத்தையை மேலே எடுத்தபோது மூச்சு இல்லை.

கை வழுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை. கஸ்தூரி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "கடைசி வரைக்கும் எங்கம்மா கையப் புடிச்சிருந்தது நீதான்," என்று அழுதாள். அன்றிலிருந்து ஒவ்வொரு திதிக்கும் எனக்கு ஒரு புடவை எடுத்து வைப்பாள். என்னை உட்காரவைத்து எனக்குத்தான் முதலில் பரிமாறுவாள். நான் சாப்பிடுவேன்.

இதைச் சொல்லி முடித்தபோது அக்காவின் கண்ணில் தண்ணீர் நின்றது. அது பொய்யில்லை, அவர் பொய்யாக அழுகிறவர் அல்ல. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு நாளா தனியா தூக்கிட்டிருக்க," என்றார். அத்தை கையில் ஏதாவது அடையாளம் உண்டா என்று கேட்டார். முன்கையில் பச்சை குத்திய ஒரு மீன், அதன் கீழே மூன்று புள்ளி என்றேன். ஃபைலின் மஞ்சள் எந்த மாதிரி மஞ்சள், பழுத்த மாம்பழமா, மழைக்கோட்டா என்றார். நான் யோசித்து, "மழைக்கோட்டு" என்றேன். கஸ்தூரி இப்போது எங்கே இருக்கிறாள் என்றார். ஊரிலேயே ஒரு கிளினிக்கில் மருந்து கொடுக்கிற வேலை என்றேன். இவ்வளவையும் பிரியத்தில் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது, பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாக உடம்பு லேசாக இருந்தது.

பிறகு ஏழெட்டு மாதம் அவர் படம் ஒன்றும் கொண்டுவரவில்லை. போன் செய்தால், "வேல ஓடல லா, சும்மா கிறுக்கிட்டிருக்கேன்," என்பார். வீட்டுக்கு வரட்டுமா என்றால் ஏதாவது காரணம் சொல்வார். பிறகு கண்காட்சி என்று அழைப்பிதழ் வந்தது. ஜோகூர் பாருவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி. போன வருடங்களின் படங்களைத்தான் மறுபடி வைக்கிறார் என்று நினைத்து, நல்ல புடவை ஒன்று கட்டிக்கொண்டு போனேன். கஸ்தூரி கொடுத்த புடவைதான்.

மாடியில் நல்ல கூட்டம். காலரா, கப்பல், ரயில் என்று நான் சட்டம் போட்ட படங்களைத் தாண்டிக்கொண்டு போனேன். கடைசிச் சுவரில் ஒரு படத்தின் சட்டம் என்னுடையது இல்லை. மூலை சரியாக ஒட்டாமல் மக்குப் பசை வைத்து அடைத்திருந்தார்கள். யார் இவ்வளவு மோசமாக வேலை செய்தது என்று முதலில் அந்த மூலையைத்தான் பார்த்தேன். பிறகுதான் படத்தைப் பார்த்தேன்.

படம் முழுக்கத் தண்ணீர். பால் விட்ட தேநீர் மாதிரி, கனமான, எங்கள் ஆற்றின் நிறம். கீழே ஓரத்தில் படகு. அதில் ஒரு இளம்பெண் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், முகம் தெரியவில்லை. இரண்டு கையாலும் மார்போடு ஒரு மஞ்சள் ஃபைலை அணைத்திருக்கிறாள். தண்ணீரிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டிருக்கிறது. முன்கையில் மீன், மூன்று புள்ளி.

என் பக்கத்தில் யாரோ நிற்பது போல இருந்தது. திரும்பினால் கஸ்தூரி. கிளினிக் சட்டையோடே வந்திருந்தாள். கையில் அழைப்பிதழ்.

"நீயும் வந்திருக்கியா? ஒரு அம்மா கிளினிக்குக்கே வந்து கார்டு குடுத்தாங்க, கண்டிப்பா வரணும்னு. ஏன்னு..." என்று சொல்லிக்கொண்டே படத்தைப் பார்த்தாள்.

நான் அவள் கையைப் பிடித்து அங்கிருந்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவள் படத்துக்குக் கிட்டே போய் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு படகைப் பார்த்தாள்.

"அந்த மஞ்ச ஃபைலு உன்னோடதுதானே?" என்றாள்.

"கஸ்தூ..."

"உன்னோடதுதானே? இன்டர்வியூக்கு எடுத்துட்டுப் போனியே, வெள்ளத்துலயும் நனையாம இருக்குன்னு உங்கப்பாகூட சொன்னாரே."

நான் தலையாட்டினேன். அவள் என் புடவையை ஒரு தரம் பார்த்தாள். படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் போனாள். ஆட்கள் வழி விட்டார்கள். அப்போதுதான் பார்த்தேன், அக்கா தூணோரமாக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. கஸ்தூரியின் முகம் தெரிகிற கோணத்தில் நின்றிருந்தார். அவள் இறங்கி மறைந்த பிறகுதான் என் பக்கம் வந்தார்.

"தண்ணியோட கனம் சரியா வந்திருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். "உன்னத் தவிர வேற யாரக் கேப்பேன்?"

அலமாக், என்ன மனுஷி இவர் என்று நினைத்தேன். அவர் கேட்டதில் கேலி இல்லை, வன்மம் இல்லை. உண்மையாகவே பதில் வேண்டும் என்று நின்றார். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏன் கா எங்கிட்ட சட்டம் போடக் குடுக்கல?"

"குடுத்தா நீ விட்டிருக்க மாட்ட."

"தெரிஞ்சே செஞ்சீங்களா?"

"ஆமா."

"கஸ்தூரிக்குக் கார்டு?"

"அவ பாக்க வேண்டிய படம்தானே? பதிமூணு வருஷமா அந்தப் பொண்ணு உனக்குப் புடவ எடுத்துக் குடுத்துட்டிருக்கா. அது பொய் லா தங்கச்சி. நீயும் அதுக்குள்ளயே கெடந்து அழுகிட்டிருந்த. ரெண்டு பேரையும் வெளிய கொண்டாந்தேன்."

"அது நான் சொல்ல வேண்டியது கா."

"சொல்லியிருப்பியா?"

கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். கையில் கோப்பை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சொல்லியிருப்பேனா என்று இன்றைக்கும் தெரியாது. சொல்லாமலே செத்திருப்பேனோ என்னவோ. அந்தச் சொல்லும், அந்தச் சொல்லாமையும் என்னுடையதாக இருந்தன. அவர் எடுத்துக்கொண்டுபோய்ச் சுவரில் மாட்டிவிட்டார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அன்றைக்கு மழையில் அவர் வாக்குக் கொடுத்தாரா என்று திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். கொடுக்கவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வாரமே யோங் பெங்குக்குப் போய் அங்கிளைத் தேடிக் கண்டுபிடித்தேன். மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எங்கப்பா செஞ்சது தப்பா இல்லையான்னு எனக்குத் தெரியாது மா," என்றார். "ஆனா நான் அத ஒரே ஒரு ஆள்கிட்டதான் சொன்னேன்."

ரயில் படம் வைத்த பிறகு வந்த தீபாவளிக்கு நாலாவது வீட்டுக்காரர்கள் வரவில்லை என்பதையும் போகிற போக்கில் சொன்னார்.

கஸ்தூரி என் போனை எடுக்கவில்லை. அந்த வருடத் திதிக்குக் கூப்பிடவில்லை. அடுத்த வருடமும் கூப்பிடவில்லை. அப்பா வந்து, "உங்க ரெண்டு பேருக்கும் என்னடி?" என்றபோது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் செத்துப்போன தன் அக்காவின் போட்டோவைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து வெளியே போனார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. படம் வரைந்த அக்கா எங்களுக்குக் கொண்டுவந்த வெளிச்சம் அதுதான்.

மூன்றாவது வருடம் கஸ்தூரியே போன் செய்தாள். "நாளைக்கு வா," என்றாள், வைத்துவிட்டாள்.

போனேன். புடவை இல்லை. எல்லோரோடும் சேர்த்து எனக்கும் இலை போட்டாள். சாப்பிட்டவர்கள் கிளம்பிய பிறகு நானும் அவளும் சமையலறையில் பாத்திரம் கழுவினோம். அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அந்தப் படம் சொன்னது எனக்கு வேணாம். நீ உன் வாயால சொல்லு."

சொன்னேன். மேசை, கூரை, படகு, ஃபைல், எல்லாம். அதோடு, அக்காவின் போர்ச்சில் உட்கார்ந்து அழுதபோதும் சொல்லாமல் பிடித்து வைத்திருந்த ஒன்றையும் சொன்னேன். அதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றால், சொன்னால் அத்தைக்கு நேரம் இருந்தது என்று ஆகிவிடும். அவருக்கு நேரம் இருந்திருந்தால், மறுபடி கை நீட்ட எனக்கும் நேரம் இருந்தது.

"கைய விட்டதும் உடனே முங்கிடல கஸ்தூ. தல மேலதான் இருந்துச்சு. உன்னக் கூப்பிட்டாங்க. ரெண்டு தடவ."

அவள் குழாயை மூடினாள். ஈரக் கையோடு தரையில் உட்கார்ந்தாள்.

"எப்படிக் கூப்பிட்டாங்க?"

நான் சொல்லிக் காட்டினேன். பள்ளிக்கூட பஸ் வந்துவிட்டது என்று வாசலிலிருந்து கூப்பிடுவாரே, அந்த மாதிரி, கடைசி எழுத்தை இழுத்து.

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள்.

சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டாள். பிறகு அழுதாள், நான் தொடவில்லை. கிளம்பும்போது கார் கதவுவரை வந்து, "அடுத்த வருஷம் வெள்ளனே வந்துரு. சமையலுக்கு ஆள் பத்தல," என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, இன்றுவரை சொன்னதில்லை. வருடா வருடம் காய் நறுக்கப் போகிறேன்.

அக்கா கடைசியாக என் கடைக்கு வந்தது அதற்கு அப்புறம். ஆள் பாதியாகியிருந்தார். கணவரின் சட்டை தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. என்ன நோய் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாற்காலி போட்டேன். பக்கத்துக் கடையிலிருந்து தே ஓ வாங்கிக் கொடுத்தேன். எவ்வளவு கோபம் இருந்தாலும் வந்தவரை நிற்க வைக்க முடியாது.

"கஸ்தூரிய கிளினிக்ல பாத்தேன்," என்றார். "முகமே வேற மாதிரி ஆயிடுச்சு. நீ அவகிட்ட என்னமோ சொல்லியிருக்க. எங்கிட்ட சொல்லாதது."

"ஆமா கா."

"அன்னிக்கே நெனச்சேன். அந்தப் படத்துல ஏதோ ஒண்ணு கொறையுதுன்னு எனக்குத் தெரியும்."

கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சாலையைப் பார்த்தார்.

நான் ஒரு மாணவியின் பட்டச் சான்றிதழை மேசையில் விரித்து அளந்தேன். அட்டை வெட்டினேன். கண்ணாடியைத் துடைத்தேன். அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து போனார்கள். பள்ளிவாசலில் மாலை அஸர் தொழுகைக்கு அழைப்புக் கேட்டது. அத்தை கூப்பிட்ட அந்தச் சொல் என் நாக்கின் நுனிவரை வந்து நின்றதை மறைக்கப் போவதில்லை. அந்த அமைதியைத் தாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். துணிக்கடைக்காரரை நினைத்தேன், அங்கிளை நினைத்தேன். சான்றிதழைச் சட்டத்துக்குள் வைத்து ஆணி அடித்தேன்.

தே ஓ ஆறிப்போயிற்று. அவர் குடிக்கவே இல்லை.

"சரி லா," என்று எழுந்தார்.

அவரால் காரோட்ட முடியாது என்பதால் போனில் ஒரு காரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். கடைப்படி உயரம். கையைப் பிடித்து இறக்கிவிட்டேன், எடையே இல்லை. பின்சீட்டில் உட்கார்ந்ததும் கண்ணாடியை இறக்கி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் திரும்பி, போகலாமா என்று மலாயில் கேட்டார்.

"பாத்துப் போங்க கா," என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.